அடைமழைக்கு முன் ஓட்டுக்கூரையைப் பாருங்கள்

செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடு வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் பலர் தேக்குத் தூணுக்குக் காட்டும் அக்கறையைக் கூரைக்குக் காட்டுவதில்லை. ஓடு எடுக்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்தது. மந்தமாகக் கேட்டால் விரிசலோ அரைவேக்காடோ, வேண்டாம்.

புரட்டாசியிலேயே ஆளை ஏற்றி, முற்றத்தைச் சுற்றி இரண்டு சரிவுகள் கூடும் மூலைகளில் அடைந்திருக்கும் சருகை அள்ளச் சொல்லுங்கள். ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். உடைந்த ஓட்டை மாற்றத்தான் வேண்டும். மேலே சிமென்ட் பூசினால் வெயிலில் வெடித்துவிடும், அப்புறம் மாற்றும்போது பக்கத்து ஓடும் சேர்ந்து உடையும். ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் கட்டையில் கரையான் மண் தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இடிக்கிற வீட்டில் அதே அளவுப் பழைய ஓடு கிடைத்தால் ஒரு 50 வாங்கி அடுக்கிவையுங்கள். புது அச்சு பழையதோடு சரியாகப் படியாது.