பாலர் பள்ளி டிப்ளோமாவில் முதல் அப்சர்வேஷன் எழுதுவது எப்படி

அப்சர்வேஷன் என்றால் ஒரு பிள்ளையைக் கவனித்து, பார்த்ததை எழுதிக் கொடுக்கும் பயிற்சி. என் முதல் அப்சர்வேஷன் திரும்பி வந்தபோது ஒரே பக்கத்தில் பதினோரு வட்டம் போட்டிருந்தார் விரிவுரையாளர். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் ஒரே கேள்விதான்: "இதைக் கண்ணால் பார்த்தீர்களா?" இரண்டு நாள் அழாத குறை. அப்புறம் ஒரு வழியாகப் பிடிபட்டது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பகலில் சிங்கப்பூரில் புளோக் கீழ்த்தளத்துப் பாலர் பள்ளி ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், மாலையில் படிப்பு. எங்கே சேருவது, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் இங்கே இல்லை. அதற்கு என்ஐஇசி இணையத்தளத்தைப் பாருங்கள். (பாலர் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசியக் கழகம். 2019இல் ஐடிஇ, நீ ஆன், தெமாசெக், சீட் ஆகிய கல்வி நிலையங்களில் நாலு பக்கம் கிடந்த படிப்புகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்களே, அதுதான்.) கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இதே துறையைப் படிக்கும் என் சித்தி மகளுக்கும் இதே அப்சர்வேஷன்தான், இதே தலைவலிதான்.

முதலில் அனுமதி. முதல்வரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிள்ளையின் உண்மைப் பெயரை அசைன்மென்டில் போடாதீர்கள், புனைபெயர் போதும். இங்கே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, விளையாட்டில்லை.

அடுத்து, எழுத ஒரு பொருள். கைபேசி வேண்டாம். வகுப்பில் பல இடங்களில் அனுமதியே இல்லை, இருந்தாலும் அதை எடுத்தவுடன் பிள்ளைகள் போஸ் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஏப்ரன் பையில் நுழைகிற சுருள் நோட்டும் பென்சிலும்தான் என் கட்சி. பேனா கூடாது, தண்ணீர் வண்ணக் கையோடு தொட்டு ஒரு முழுப் பக்கம் எனக்குக் கரைந்து போனது.

முறை என்று பார்த்தால் சம்பவக் குறிப்பு (ஒரே ஒரு சம்பவத்தை எழுதுவது), தொடர் குறிப்பு (நடப்பதையெல்லாம் தொடர்ந்து எழுதுவது), நேர மாதிரி (குறித்த இடைவெளியில் பார்த்து எழுதுவது) என்று பல உண்டு. புதியவர்கள் சம்பவக் குறிப்பில் தொடங்குங்கள். ஒரு சம்பவம், ஐந்து நிமிடம், போதும்.

இப்போது நான் விழுந்த குழிக்கு வருவோம். நான் எழுதியது இது:

"கதிர் கோபமாக இருந்தான். பகிர்ந்துகொள்ள மனமில்லாமல் அடம்பிடித்தான்."

கோபத்தை எங்கே பார்த்தேன்? மனத்தை எப்படிப் பார்த்தேன்? நல்ல வேளை, நோட்டில் பென்சில் கிறுக்கல் இருந்தது. அதை வைத்துத் திருப்பி எழுதினேன்:

"காலை 10.05. கதிர் மூன்று மரக்கட்டைகளை இடது கையால் மார்போடு அணைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த சிறுமி ஒரு கட்டையைத் தொட்டாள். அவன் உடம்பை மறுபக்கம் திருப்பி, 'டோர்ஸ் ஆர் குளோசிங்' என்றான். பிறகு வாயால் டூ, டூ, டூ என்று ஒலி எழுப்பினான்."

பையன் எம்ஆர்டி ரயில் ஓட்டிக்கொண்டிருக்கிறான்! கதவு மூடுகிற நேரத்தில் அவள் ஏறப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். நான் அவனைக் கஞ்சன் என்று எழுதி வைத்திருந்தேன்.

அதனால் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கை, கால், கண், வாய் செய்தது மட்டும். சந்தோஷமாக, சோம்பலாக, வேண்டுமென்றே என்று எழுத வருகிறதா, அதெல்லாம் வலப்பக்கம், அதுவும் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் நிதானமாக.

பிள்ளை பேசியதைத் திருத்தாதீர்கள். "டீச்சர், அவ டச் பண்றா லா" என்று கதிர் சொன்னால் அப்படியே எழுதுங்கள். நான் பழக்கதோஷத்தில் "ஆசிரியரே, அவள் தொடுகிறாள்" என்று செந்தமிழாக்கிவிட்டேன். ரயில் அறிவிப்பை ஆங்கிலத்திலும் புகாரைத் தமிழிலும் சொல்ல அவனுக்குத் தெரிந்திருக்கிறதே, அந்தச் செய்தியே என் எழுத்தில் காணாமல் போயிற்று.

கடைசியாக, கல்வி அமைச்சின் பாலர் பள்ளிப் பாடத்திட்டக் கட்டமைப்பான என்இஎல்லில் எந்தக் கற்றல் துறையோடு இது சேரும் என்று எழுத வேண்டும். ஆறு துறை இருக்கிறது, ஆறையும் இழுத்துவராதீர்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சீனியர்களின் பழைய குறிப்பைப் பார்த்து எழுதுபவர்கள் கவனம்: 2022 பதிப்பில் உடலியக்கத் திறன் துறையோடு ஆரோக்கியமும் பாதுகாப்பும் சேர்ந்து பெயரே மாறிவிட்டது. நான் பழைய பெயரைப் போட்டு மார்க்கைக் கோட்டை விட்டேன். பிறகு, அடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று இரண்டு வரி. நான் கட்டைகளுக்குப் பக்கத்தில் நிலையப் பெயர் அட்டைகளை வைப்பேன் என்று எழுதினேன், மறுநாள் வைத்தும் பார்த்தேன். சிறுமி பயணச்சீட்டோடு வந்தாள்.

பிற்சேர்க்கை: அசைன்மென்ட் ஆங்கிலத்தில்தானே, தமிழ்ப் பேச்சை என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பிள்ளை சொன்னதை ஆங்கில எழுத்தில் ஒலிப்படி எழுதி, அதன் கீழே பொருளைப் போடுங்கள். தமிழ் தெரியாத விரிவுரையாளருக்கும் கலந்து பேசியது தெரிய வேண்டும்.

இன்னொன்று, நேர மாதிரி. 1932இல் வெளியான ஆய்வுக்காக அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் பிள்ளைகளின் விளையாட்டை ஒவ்வொரு நிமிடமாகக் கவனித்துத்தான் தனி விளையாட்டு, இணை விளையாட்டு, கூட்டு விளையாட்டு என்றெல்லாம் பிரித்தார். செய்து பாருங்கள், ஆனால் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். நான் ஒரு நிமிட மணற்கடிகாரத்தை மேசையில் வைத்தேன். எட்டுப் பிள்ளைகளும் விளையாட்டை விட்டுவிட்டு மணல் கொட்டுவதைப் பார்க்க வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.