வேகப்பந்து ஸ்பெல்லில் விக்கெட்டை விடாமல் நிற்பது எப்படி: கப்பாவில் புஜாரா காட்டிய வழி

எங்கள் ஊர் நெட்ஸுக்கு ஓப்பனிங் ஆட வரும் பையன்களிடம் முதலில் ஒரு வீடியோவைப் பார்க்கச் சொல்வேன். 2021 ஜனவரி 19, பிரிஸ்பேன் கப்பா மைதானம், இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட்டின் கடைசி நாள். ஒரு பக்கம் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ், எதிரே நம்ம சேத்தேஷ்வர் புஜாரா. வேகப்பந்து ஸ்பெல்லை, அதாவது ஒரு பவுலர் ஒரே மூச்சில் தொடர்ந்து போடும் ஓவர்களைச் சமாளிப்பது பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையும் அந்த ஒரு நாளில் இருக்கிறது.

நிலவரம் தெரிந்தால்தான் அவர் ஏன் அப்படி ஆடினார் என்பது புரியும். இலக்கு 328. கப்பாவில் ஆஸ்திரேலியா 1988க்குப் பிறகு அதுவரை டெஸ்ட் தோற்றதே இல்லை. முதல் வரிசை பவுலர்கள் காயத்தில் இருந்ததால், நம்ம நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் அறிமுகமான டெஸ்ட் அது. ரோஹித் 7 ரன்னில் போய்விட்டார். உணவு இடைவேளையில் புஜாரா 90 பந்துக்கு 8 ரன். அதற்குள் உடம்பெல்லாம் அடி. நாள் முழுக்கக் கணக்கெடுத்தால் தோள், விலா, ஹெல்மெட், விரல் என்று பத்துக்கும் மேல்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் வேலை, பிட்சைப் பார்ப்பது. எந்த முனையில் பந்து ஏடாகூடமாக எழும்புகிறது என்பதை முதல் சில ஓவர்களிலேயே கண்டுபிடி. கப்பாவில் ஒரு முனையில் விரிசல் இருந்தது. ஷார்ட் ஆஃப் லெங்த்தில், அதாவது பேட்ஸ்மேனுக்குச் சற்று முன்னதாகவே குத்தி, அதில் பட்ட பந்து எப்படி எழும்பும் என்று சொல்ல முடியாத நிலை. அந்த லெங்த்தில் வந்தால் கையைத் தூக்கி ஆடப் போவதில்லை, உடம்பில் வாங்கிக்கொள்வது என்று முடிவெடுத்ததாகப் புஜாராவே பின்னால் விளக்கினார். அது திட்டம் போட்டு வாங்கிய அடி. நீ பாய் விரித்த மேட்டிங் விக்கெட்டில் ஆடுகிறாய் என்றால் விரிசலுக்குப் பதில் மேட் மடிப்பையும் ஆணி அடித்த ஓரத்தையும் பார். டாஸுக்கு முன்பே நடந்து போய்க் காலால் அழுத்திப் பார்த்துவிடு.

அடுத்தது கை. இதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. பந்து விலாவை நோக்கி எழும்பினால் மனிதனுக்கு இயல்பாகவே கை மேலே போகும். மட்டையும் நெஞ்சுக்கு முன்னால் வந்து நிற்கும். உனக்கு மிக அருகே, ஷார்ட் லெக்கில் நிற்கும் ஃபீல்டர் காத்திருப்பது அதற்காகத்தான். மட்டையைப் பிடித்திருக்கும் கையின் க்ளவ்ஸில் பட்டுக் கேட்ச் போனால் அவுட். விலாவில் பட்டுப் போனால் அவுட் இல்லை, அந்த உயரத்துப் பந்து ஸ்டம்புக்கு மேலேதான் போகும் என்பதால் எல்பிடபிள்யூ பயமும் இல்லை. அதனால் கையை இடுப்பு மட்டத்திலேயே வை. கீழ்க்கைப் பிடியை இரண்டு விரல் அளவுக்குத் தளர்த்து. ஆட வேண்டிய பந்து என்றால் கண்ணுக்குக் கீழே, உடம்பை ஒட்டி, காலடியில் செத்து விழுகிற மாதிரி ஆடு. ஆட முடியாத உயரம் என்று தெரிந்ததும் கையை இறக்கிவிட்டுத் தோளைக் கொடு. புஜாரா வாங்கிய அடிகளை நிறுத்தி நிறுத்திப் பார்: பந்து உடம்பில் படும்போது மட்டை எங்கே இருக்கிறது என்று மட்டும் கவனி. பெரும்பாலும் கீழேதான் இருக்கும்.

சொல்லும்போது சுலபமாக இருக்கும், உடம்பு கேட்காது. உடம்பைப் பழக்க வேண்டும். சிமென்ட் பிட்சில் நனைத்த டென்னிஸ் பந்தை வைத்து, பதினைந்து கஜத்திலிருந்து ஒருவரை நெஞ்சுக்கு நேராக எறியச் சொல். மட்டை உன் பின் தொடையோடு ஒட்டியே இருக்கட்டும். வேலை ஒன்றுதான்: பந்து வந்து மோதும் வரை கண்ணை எடுக்கக் கூடாது. கண்ணை மூடினாலோ முகத்தைத் திருப்பினாலோ சொல்ல எறிபவருக்குப் பின்னால் இன்னொருவர் நிற்கட்டும். என்னிடம் வரும் பையன்கள் முதல் வாரம் எல்லோரும் முகத்தைத் திருப்புவார்கள். மூன்றாவது வாரம் பந்தின் தையல் தெரிகிறது என்பார்கள். அதற்கு அப்புறம்தான் கிரிக்கெட் பந்து.

செஸ்ட் கார்டு, ஆர்ம் கார்டு போடுவதில் கூச்சமே வேண்டாம். வலது கை பேட்ஸ்மேனுக்கு இடது விலாதான் பவுலரைப் பார்த்து இருக்கும், செஸ்ட் கார்டு அந்தப் பக்கம் நன்றாக மூடியிருக்கிறதா என்று பார்.

அடி பட்டபின் என்ன செய்வது? ஹேசல்வுட் பந்து விரலில் பட்டபோது புஜாரா மட்டையைப் போட்டுவிட்டுத் தரையில் படுத்துவிட்டார். வலிக்காத மாதிரி நடிக்கவில்லை. பிசியோ வந்தார், பார்த்தார், புஜாரா எழுந்து அடுத்த பந்துக்கு நின்றார். நீயும் நேரம் எடுத்துக்கொள். ஸ்கொயர் லெக் பக்கம் நாலடி நட, க்ளவ்ஸைக் கழற்றி மாட்டு, மூச்சை முழுசாக விடு. பவுலரை முறைக்காதே, அவன் பேச்சுக்குப் பதிலும் சொல்லாதே. அடி விழுந்த பந்துக்கு அடுத்த பந்து பெரும்பாலும் ஃபுல்லாக, உன் காலடிக்குப் பக்கத்தில் குத்தும்படி வரும். நீ பயந்து பின்காலில் நிற்பாய் என்பது அவன் கணக்கு. அதனால் ஸ்டான்ஸில் எடை முன்காலுக்கு வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

எதிர் முனையில் இருப்பவனை மறந்துவிடாதே. புஜாரா 8இல் இருந்த அதே இடைவேளையில் எதிர் முனையில் ஆடிய சுப்மன் கில் 64. இருவரும் சேர்த்தது 114. ஒருவர் பவுலரைக் களைப்பாக்கினார், இன்னொருவர் ரன் எடுத்தார். உன் பார்ட்னர் நன்றாக அடிக்கிறான் என்றால் நீ வேகமாக ஆட வேண்டிய அவசியமே இல்லை. “இந்த ஸ்பெல் இன்னும் எத்தனை ஓவர்?” என்று ஓவருக்கு ஓவர் அவனோடு பேசு. நல்ல வேகப்பந்து வீச்சாளரால் ஒரே மூச்சில் ஐந்தாறு ஓவருக்கு மேல் முழு வேகத்தில் போட முடியாது. உன் கணக்கும் அந்த ஐந்தாறு ஓவருக்குத்தான்.

கம்மின்ஸ் சாதாரண ஆள் இல்லை. அந்தத் தொடரில் 21 விக்கெட், புஜாராவை மட்டும் ஐந்து முறை. கப்பாவிலும் கடைசியில் அவர்தான் எடுத்தார், இரண்டாவது புதுப் பந்தில் எல்பிடபிள்யூ. ஆனால் அதற்குள் புஜாரா 211 பந்துகள் ஆடி 56 எடுத்திருந்தார். அரைசதத்துக்கு 196 பந்துகள், அதுவரை அவருடைய மிக மெதுவான அரைசதம். அவர் போகும்போது ஸ்கோர் 228. மிச்சம் 100 ரன். நாள் முழுக்க ஓடிக் களைத்த பவுலர்களை ரிஷப் பந்த் ஆட்டமிழக்காமல் 89 அடித்து முடித்துவைத்தார், மூன்று விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி.

தலையில் பட்டால் மட்டும் இந்தப் பிடிவாதம் எதுவும் செல்லாது. தலை சுற்றல், வாந்தி, கண் மங்கல் என்று எது இருந்தாலும் உடனே வெளியே வந்து டாக்டரைப் பார். ஒன்றும் இல்லை என்றாலும் அன்று இரவு தனியாகப் படுக்காதே. பந்து பட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். அதை மறுபடி மாட்டாதே, தம்பிக்கும் கொடுக்காதே.