பந்தோபஸ்துக்கு நடுவே ஒரு டிகிரி: டெல்டா காவலர்களுக்கு

ஏட்டாக இருக்கிறேன், திருவாரூர் மாவட்டம். யூனிபார்ம் போட்ட பிறகு இணையத்திலும் தபாலிலுமாகப் படித்துப் பட்டம் வாங்கியவன் என்பதால், தம்பி தங்கைகள் யாராவது மாதத்துக்கு ஒருமுறையாவது போன் போட்டு "எப்படிண்ணே சேர்றது" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "பிளஸ் டூ இருக்கா?"

இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்குப் பத்தாம் வகுப்பே போதும், அதனால் நம்மில் நிறைய பேர் பத்தோடு வந்தவர்கள். பிளஸ் டூ இல்லாமலே திறந்தநிலையில் டிகிரி முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பத்து, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு தமிழக அரசு வேலைக்கு விண்ணப்பித்தால் தள்ளிவிடுவார்கள். என்னோடு பாராவில், அதாவது காவல் நிற்கும் டியூட்டியில், நின்ற ஒருவர் ஓர் ஏஜென்ட் பேச்சை நம்பி அப்படித்தான் மூன்று வருடம் படித்தார், எஸ்.ஐ. தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் அது செல்லாது என்று தெரிந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்ததிலிருந்து இதைச் சொல்லாமல் நான் யாரையும் விடுவதில்லை. பிளஸ் டூ இல்லையென்றால் முதலில் அதைத் தனித்தேர்வராக எழுதி முடியுங்கள். ஒரு வருடம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. நேரடி எஸ்.ஐ. தேர்வில் துறையில் இருப்பவர்களுக்கென்றே 20 சதவீத இடம் இருக்கிறது, அதற்கு டிகிரி வேண்டும்.

அடுத்தது, எங்கே சேர்வது. விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்த ஆண்டுக்கு, அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடம் இருந்தது என்பது கணக்கில் வராது. அனுமதி உள்ள இடத்தில் வாங்கிய தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசியே அறிவித்திருக்கிறது. தமிழில் படிக்க வேண்டுமென்றால் 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஆங்கிலம் பரவாயில்லை என்றால் இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். சட்டம் படிக்க நிறைய பேருக்கு ஆசை, எனக்கும் இருந்தது. ஆனால் எல்.எல்.பி.யை இணையத்திலோ தபாலிலோ படித்தால் பார் கவுன்சிலில் பதிய முடியாது. வரலாறு, பொது நிர்வாகம், சமூகவியல் எதுவானாலும் சரி, உங்களுக்குப் படிக்கப் பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ராத்திரி டியூட்டி முடிந்து வந்து பிடிக்காத புத்தகத்தைத் திறக்க யாராலும் முடியாது.

விண்ணப்பத்தில் பெரும்பாலானவர்கள் மாட்டுவது பெயரில்தான். யுஜிசியின் தொலைநிலைப் பிரிவு தளத்தில் எடுக்கும் டெப் ஐடி, படிப்பில் வாங்கும் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கணக்கான ஏபிசி ஐடி இரண்டும் இருந்தால்தான் சேர்க்கை, இரண்டும் ஆதாரோடு இணைந்தவை. மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும் அல்லது அப்பா பெயரே முழுதாக இருக்கும், பணிப்பதிவேட்டில் மூன்றாவதாக ஒன்று. எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டில் இருப்பதையே அளவாக வைத்து ஆதாரை முதலில் திருத்திவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். கடைசி தேதிக்கு முந்தின நாள் சர்வர் நகராது.

சேர்வதற்கு முன்பே துறை அனுமதி கேட்டு மனு கொடுங்கள். இன்ஸ்பெக்டர் வழியாக எஸ்.பி. ஆபீசுக்குப் போகும். "பணிக்கு இடையூறின்றி" என்ற வார்த்தை மனுவில் இருக்கட்டும், நகல் ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பதைவிடப் பரீட்சைக்குப் போய் உட்காருவதுதான் நமக்குக் கஷ்டம். இக்னோவில் ஜூன், டிசம்பர் என்று இரண்டு தேர்வுகள். டிசம்பர் என்றால் டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை. எனக்கு ஒரு டிசம்பரில் காலையில் தாள், முந்தின ராத்திரி பதினோரு மணிக்குக் கொள்ளிடக் கரைக்குப் போகச் சொல்லி மைக்கில் கூப்பிட்டார்கள். விடிய விடிய மணல் மூட்டை, படுகை ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிடுவது, ஹால் டிக்கெட் பிளாஸ்டிக் கவரில் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. அந்தத் தாளை ஜூனில்தான் எழுதினேன். அதற்கப்புறம் டிசம்பரில் இரண்டு தாளுக்கு மேல் வைத்துக்கொள்ளவே இல்லை, கனமானதெல்லாம் ஜூனுக்கு. மூன்று வருடப் பட்டத்தை முடிக்க ஆறு வருடம் வரை இடம் தருகிறார்கள், அந்த நீட்டிப்பு நம்மைப் போன்றவர்களுக்குத்தான். பங்குனியில் ஆழித்தேர், ஆகஸ்ட் 29 தொடங்கி செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி, ஐப்பசியில் சதய விழா, ஜனவரியில் திருவையாறு ஆராதனை, இதையெல்லாம் காலண்டரில் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டு மிச்ச நாளில் படிப்பைப் போடுங்கள். வார விடுப்புக்கு 2021-லேயே அரசாணை வந்தாலும் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள், கிடைத்தால் தூங்குங்கள்.

பாராவில் துப்பாக்கியோடு நிற்கும்போது புத்தகமோ போனோ வேண்டாம், அது தப்பு. நல்ல நேரம் கோர்ட் டியூட்டிதான். சாட்சியைக் கூப்பிடும்வரை வராந்தாவில் இரண்டு மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்போம், என் ஒப்படைப்புகளில் (அசைன்மென்ட்) பாதி அங்கே மடியில் அட்டையை வைத்துக் கையால் எழுதியவை. ஒப்படைப்புக்கு 30 சதவீத மதிப்பெண், அதை விட்டுவிடாதீர்கள். பாடத்தை உங்கள் குரலிலேயே போனில் பதிந்து வைத்துக்கொண்டால் மன்னார்குடி பஸ்ஸில் நின்றுகொண்டே கேட்கலாம்.

பட்டம் கைக்கு வந்ததும் அதைச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு முன்னால் நகலோடு எஸ்.பி. ஆபீசில் மனு கொடுத்து, உண்மைத்தன்மைச் சான்றுக்கு எழுதச் சொல்லி, பணிப்பதிவேட்டில் ஏற்றிவிட்டார்களா என்று நேரில் போய்ப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.