கணித வகுப்பில் பிள்ளைகளை எழுதவைத்தல்: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

தரம் 8 மாணவி ஒருத்தியின் கொப்பியில் −3 − 2 = +5 என்று இருந்தது. வழக்கமாக அதைச் சிவப்புப் பேனையால் வெட்டி, −5 என்று எழுதிவிட்டு அடுத்த கொப்பியை எடுத்திருப்பேன். அன்று வெட்டாமல், இந்த விடை எப்படி வந்தது என்று மூன்று வரியில் எழுதித் தரும்படி கேட்டேன். “மறையும் மறையும் சேர்ந்தால் நேர் எண்டு ரியூசனிலை சொன்னவை” என்று எழுதியிருந்தாள். கூட்டத் தெரியாததால் வந்த பிழை அல்ல அது. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரிய விதியைப் பாட்டுப்போல மனப்பாடம் செய்து, இரண்டு கழித்தற் குறிகளைக் கண்ட இடத்திலெல்லாம் அவள் பிரயோகித்து வந்திருக்கிறாள். அந்த ஒரு வரியை எழுதியிருக்காவிட்டால், விடையை மட்டும் பார்த்து நான் இதை அறிந்திருக்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கணிதம் கற்பிக்கத் தொடங்கும் ஆசிரியர்களுக்காக, இதைச் செய்யும் முறையைப் படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: தனிக் கொப்பி

ஒவ்வொரு பிள்ளையும் 80 பக்கக் கொப்பி ஒன்றை இதற்கென வைத்திருக்கட்டும். வீட்டுவேலைக் கொப்பியிலேயே எழுதவைத்தால், அது பெற்றோருக்குக் காட்டும் கொப்பி என்பதால், பிள்ளைகள் தமக்குத் தெரியாததை எழுதமாட்டார்கள்.

படி 2: கேள்வியைத் தெரிவுசெய்தல்

எண் ஒன்றை விடையாகக் கொண்ட கேள்வி இதற்கு உதவாது. “பின்னம் பற்றி எழுதுக” என்று பொதுவாகக் கேட்டாலும் பாடநூலின் வரைவிலக்கணமே திரும்பி வரும். நான் பயன்படுத்தும் கேள்வி ஒன்றைப் பாருங்கள்: “½ உடன் ⅓ ஐக் கூட்டிய ஒருவன் ⅖ என்று விடை எழுதியிருக்கிறான். சரியான விடையைக் கணிக்காமலே இது பிழை என்று காட்டமுடியுமா?” ⅖ என்பது ½ ஐ விடச் சிறியது, அரையுடன் ஏதோவொன்றைக் கூட்டிய பின் அரையை விடக் குறைந்த விடை வரமுடியாது. பொதுப் பகுதி எண் காணும் முறையை நன்றாகச் செய்யும் பிள்ளைகள் கூட இதை எழுதத் திணறுவார்கள். முறை தெரிந்தாலும் பின்னத்தின் பருமன் மனதில் பதியவில்லை என்பதை அந்தத் திணறல் காட்டிவிடுகிறது.

படி 3: நேரமும் மொழியும்

40 நிமிடப் பாடவேளையின் கடைசி ஏழு நிமிடம் போதும். வாரத்தில் இரண்டு நாள் செய்தால் போதும். முதல் இரண்டு வாரங்களுக்குத் தொடக்கத்தை நீங்களே கரும்பலகையில் எழுதிக் கொடுங்கள்: “நான் முதலில் நினைத்தது…”, “எனக்குத் தடைப்பட்ட இடம்…” என்பவை நன்றாக வேலைசெய்யும். பிள்ளைகள் பேச்சுத்தமிழில் எழுதினால் விட்டுவிடுங்கள். நான் தொடங்கிய காலத்தில் எழுத்துப்பிழைகளுக்கெல்லாம் சிவப்புக் கோடு போட்டேன். அரைப் பக்கம் எழுதியவர்கள் அடுத்த வாரம் ஒன்றரை வரியுடன் நிறுத்திவிட்டார்கள். “மேலையும் கீழையும் கூட்டினனான்” என்ற வரி இலக்கணப்படி எப்படியிருந்தாலும், தொகுதி எண்ணையும் பகுதி எண்ணையும் தனித்தனியாகக் கூட்டியதைத் தெளிவாகச் சொல்கிறது.

படி 4: வாசித்தல்

ஆசிரியர்கள் பெரும்பாலும் இந்த முயற்சியைக் கைவிடும் இடம் இதுதான். நாற்பது கொப்பிகளையும் திருத்த நினைத்தால் ஒரு மாதம் கூடத் தாங்காது. திருத்தாதீர்கள், பிரியுங்கள். விளங்கியவர்கள், செய்முறை தெரிந்தும் காரணம் சொல்ல முடியாதவர்கள், விளங்காதவர்கள் என்று மூன்று அடுக்கு போதும். நாம் கவனிக்கவேண்டியது நடு அடுக்கையே. அவர்கள் புள்ளி எடுப்பதால் அவர்களது குறை யாருடைய கண்ணிலும் படுவதில்லை. ஒவ்வொரு கொப்பியிலும் ஒரேயொரு கேள்வியை மாத்திரம் எழுதுங்கள். அந்த மாணவிக்கு நான் எழுதியது இது: “உன்னிடம் 3 ரூபா கடன் இருக்கிறது. இன்னும் 2 ரூபா கடன் வாங்குகிறாய். இப்போது உன் கையில் 5 ரூபா இருக்கிறதா?”

ஆனால், புள்ளி போடவே வேண்டாம். போட்டால், உங்களுக்குப் பிடிக்கும் என்று அவர்கள் நினைப்பதை எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

படி 5: வகுப்புக்குத் திருப்புதல்

மறுநாள் இரண்டு விளக்கங்களைப் பெயர் சொல்லாமல் வாசித்து, எதில் எங்கே சந்தேகம் வருகிறது என்று கேளுங்கள். பிழையான விளக்கத்தை வாசிக்கும்போது உங்கள் குரலில் கேலி தொனிக்கக்கூடாது.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் இல்லை என்று மூத்த ஆசிரியர்கள் சொல்வார்கள். அது நியாயமான கவலைதான். ஆனால், சாதாரண தரப் பரீட்சையின் கணித வினாத்தாள்களிலும் காரணம் கேட்கும் வினாக்கள் வருகின்றன. கேத்திரகணித நிறுவலோ முழுவதும் காரணங்களால் ஆன எழுத்து. தரம் 8 இல் “ஏனெனில்” என்று எழுதிப் பழகாத பிள்ளைக்குத் தரம் 11 இல் அது திடீரென வராது.

படி 6: சொந்தக் கணக்கு

ஒரு தவணை கடந்த பின், பிள்ளைகளையே கணக்கு எழுதச் சொல்லுங்கள். ஏக்கருக்கு 16 பரப்பு, பரப்புக்கு 10 பேர்ச் என்பது இங்கே வீட்டில் காதில் விழும் கணக்கு என்பதால், காணி பிரிக்கும் கணக்குகளே முதலில் வந்து குவியும். எழுதிய கணக்கைப் பக்கத்தில் இருப்பவர் செய்துபார்த்து, தரவு போதாவிட்டால் எழுத்திலேயே கேட்கவேண்டும்.

நேர்மாறு விகிதசமன் படித்த வாரத்தில் ஒருவன் எழுதியது: “ஒரு மோட்டார் 4 பரப்பு வெங்காயத்துக்கு 2 மணித்தியாலத்தில் தண்ணீர் இறைக்கும். இரண்டு மோட்டார் போட்டால் எவ்வளவு நேரம் எடுக்கும்?” ஒரு மணித்தியாலம் என்ற விடையை அவன் எதிர்பார்த்தான். பக்கத்தில் இருந்தவனோ கணக்கைச் செய்யாமல், “ஒரு கிணறு எண்டால் வத்திப்போகும், பிறகு ஊறும்வரைக்கும் நிக்கவேணும்” என்று எழுதிக் கொடுத்தான். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. இருவரும் இடைவேளை முழுவதும் வாதாடினார்கள். அடுத்த நாள் அந்தக் கணக்கின் கடைசியில் புதிய வரி ஒன்று பென்சிலால் எழுதப்பட்டிருந்தது: “கிணற்றில் போதிய நீர் உண்டு எனக் கொள்க.”