கரியில் இறுகிய ஏபெக்ஸ் சீல்: என் அனுபவம்

சூடாக இருக்கும்போது அணைத்தால் என் பழைய ரோட்டரி வண்டி (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர்கள் சுழலும் என்ஜின்) மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் இருந்தது. அரை மணி நேரம் ஆறவிட வேண்டியிருந்தது.

கம்ப்ரஷன் (என்ஜினுக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்தேன். முன் ரோட்டரின் மூன்று முகங்களும் (பக்கங்களும்) 95 பிஎஸ்ஐ அளவில் இருந்தன. பின்னதில் 92, 68, 66. அடுத்தடுத்த இரண்டு முகங்கள் மட்டும் இறங்கினால் அவற்றுக்கு நடுவில், ரோட்டரின் முனையில் உள்ள ஏபெக்ஸ் சீல் (அழுத்தம் கசியாமல் அடைக்கும் பட்டை) மீதுதான் சந்தேகம். ஒன்று தேய்ந்திருக்கும், அல்லது கரி அடைத்து, அது உட்கார்ந்திருக்கும் காடிக்குள்ளேயே (பள்ளத்துக்குள்ளேயே) இறுகியிருக்கும்.

பிளக்கைக் கழற்றி, கியர் ஆயிலை அல்ல, ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலை முகத்துக்கு 20 மில்லி ஊற்றினேன். என்ஜின் முன்னாலுள்ள கப்பியை ஒரு முழுச் சுற்று கையால் சுற்றினால் அடுத்த முகம் வரும். ஓர் இரவு ஊறியது. காலையில் பெட்ரோலைத் துண்டித்து, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுற்றவிட்டேன்; கறுப்புக் குழம்பாகத் துப்பியது. புது பிளக் போட்டதும் தெருவே மறையும் அளவுக்கு வெள்ளைப் புகை. பிறகு என்ஜின் ஆயிலையும் மாற்றினேன்.

இதையே இரண்டாம் முறையும் செய்தபின், பின் ரோட்டரில் 91, 84, 85. சூட்டிலும் உடனே ஸ்டார்ட் ஆகிறது. சீல் தேய்ந்திருந்தால் எந்தத் திரவமும் உதவாது, என்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். அதிகம் ஊற்றிவிட்டு ஸ்டார்ட்டரைப் போடாதீர்கள், திரவம் அழுந்தாது என்பதால் என்ஜின் உடையலாம்.