ராத்திரிச் சண்டையை மேசைமேல் ஆடுவது எப்படி: பார்பா தெல் புயெர்கோ, 1810

பொம்மைச் சிப்பாய்களை மேசைமேல் நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டில் புதிதாக இறங்குகிறவர்கள் பலர் நேராக வாட்டர்லூவில்தான் போய் விழுகிறார்கள். நூற்றுக்கணக்கான பொம்மைகளுக்குப் பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் ஆசையே வற்றிவிடும். சின்னச் சண்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாலம், ஒரு மலைச்சரிவு, ஒரு ராத்திரி போதும்.

நான் சொல்லப்போவது நெப்போலியன் போர்களின்போது, 1810 மார்ச் 19 இரவு நடந்தது. இடம் ஸ்பெயின், போர்ச்சுகல் எல்லைக்கு அருகே ஓடும் அகெதா ஆறு. ஆற்றின் மேல் ஒரு கல் பாலம். அங்கிருந்து செங்குத்தான பாதை மேலேறி பார்பா தெல் புயெர்கோ என்ற ஊருக்குப் போகிறது. (இன்று அந்த ஊருக்குப் புயெர்தோ செகுரோ என்று பெயர்.) ஊரில் கர்னல் பெக்வித் தலைமையில் பிரிட்டிஷ் 95ஆம் ரைஃபிள் பிரிவின் சில கம்பெனிகள் (சிறு படைக்குழுக்கள்). அன்றிரவு பாலத்துப் பக்கம் காவல், கேப்டன் ஓ'ஹேரின் கம்பெனி. பிரெஞ்சு ஜெனரல் ஃபெரே சுமார் 600 பேரோடு இருட்டில் பாலத்தைக் கடந்தார். பெருகி ஓடிய ஆற்றின் இரைச்சலில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. பாலத்துக் காவலர்கள் திடீரென்று மடக்கப்பட்டார்கள். ஓ'ஹேரின் ஆட்கள் பாறைகளுக்கு நடுவே தாக்குப்பிடித்தார்கள். தூக்கத்திலிருந்து எழுந்த மற்ற கம்பெனிகள் மேலிருந்து இறங்கி வந்து, பிரெஞ்சுக்காரர்களைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே விரட்டின.

1. பொம்மைகள்

1/72 அளவு (நிஜ ஆளின் உயரத்தில் 72இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் போதும். 28 மி.மீ. உலோகப் பொம்மைகள் அழகுதான், ஆனால் முதல் விளையாட்டுக்கே அவ்வளவு செலவு வேண்டாம். பிரெஞ்சு 48, ரைஃபிள்காரர்கள் 32. எட்டெட்டாகப் பிரித்தால் ஆறு அணிக்கு நான்கு அணி. ஓ'ஹேருக்கு ஒன்று, பெக்வித்துக்கு மூன்று. பொம்மைக்கு இத்தனை ஆள் என்று கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

மிருதுவான பிளாஸ்டிக்கில் பெயின்ட் உரிந்து வரும். பாத்திரம் கழுவும் சோப்பில் தேய்த்துக் கழுவி, காயவைத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மெல்லியதாக ஒரு கோட் அடித்த பிறகு பெயின்ட்டைத் தொடுங்கள்.

2. பெயின்ட்

95ஆம் பிரிவுக்கு அடர் பச்சைச் சட்டை, கறுப்புக் காலர், கறுப்புத் தோல்வார். சிவப்புச் சட்டை பிரிட்டிஷாரைவிட இவர்கள் எவ்வளவோ சுலபம். பிரெஞ்சுக்காரர்களுக்கு என் யோசனை: ஓவர்கோட் போட்ட பொம்மைகளாகப் பார்த்து வாங்குங்கள். பழுப்பும் சாம்பலும் கலந்து அடித்தால் வேலை முடிந்தது; நீலச் சட்டை, வெள்ளை மார்புப்பட்டை, சிவப்புத் தோள்குஞ்சம் என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கடையில் கிடைக்கும் கேமல் அக்ரிலிக்கே தாராளம்.

3. மேசை

4 அடிக்கு 3 அடி. ஒரு குறுகிய ஓரத்தில் ஆறு, நடுவில் பாலம், எதிர் ஓரத்தில் ஊர். நடுவே தெர்மாகோல் அட்டைகளைப் படிப்படியாக அடுக்கிச் சரிவு. தெர்மாகோலில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் கரைந்து குழியாகிவிடும்; பிரஷ்தான். பாறைக்கு மரப்பட்டைத் துண்டுகள். பாலத்தில் இரண்டு பொம்மை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற அகலம் வைக்கவும்.

4. இருட்டு

விளையாட்டு கெடுவதும் பிழைப்பதும் இங்கேதான். மேசைக்கு மேலே டியூப்லைட் எரிகிறது; எதிரி எங்கே இருக்கிறான் என்று இரண்டு பேருக்கும் தெரிகிறது. திடீர்த் தாக்குதல் எங்கிருந்து வரும்? "பார்க்காத மாதிரி ஆடுவோம்" என்று ஒப்பந்தம் போட்டால் யாராலும் கடைப்பிடிக்க முடியாது. தெரிந்ததைத் தெரியாததாக்க முடியாது, ஆகவே உண்மையிலேயே மறைக்க வேண்டும்.

பிரெஞ்சுப் பக்கம் பொம்மைகளை மேசையில் வைக்காதீர்கள். ஒரே மாதிரியான ஒன்பது அட்டைகளை வெட்டுங்கள். அவற்றில் ஆறு அட்டைகளின் அடிப்பக்கத்தில் அணியின் எண். மூன்று வெற்று அட்டைகள். எல்லாமே கவிழ்ந்தபடி பாலத்தைக் கடந்து நகரும். எதிரி அட்டை ஒன்றை அடையாளம் காண இரண்டு பகடை உருட்டுங்கள்: வந்த கூட்டுத்தொகை அத்தனை அங்குலத்துக்குப் பார்வை. அட்டை அதற்குள் இருந்தால் புரட்டி, பொம்மைகளை வையுங்கள். ஆற்றிலிருந்து 6 அங்குலத்துக்குள் இரைச்சல் இருப்பதால் அங்கே ஒரு பகடைதான்.

சுட்ட அணியை வெடிமருந்தின் தீப்பளிச்சு காட்டிக்கொடுக்கும். அடுத்த சுற்று முடியும்வரை அதை எல்லோரும் பார்க்கலாம், திருப்பிச் சுடலாம். ஓ'ஹேராக ஆடுகிறவர் இங்கே தவிப்பார். சுட்டால் இடம் தெரிந்துவிடும். சுடாவிட்டால் ஊர் விழிக்காது! முதல் வெடிச் சத்தத்துக்குப் பிறகுதான் பெக்வித் கிளம்ப முடியும். அதிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகடை உருட்டி, கடந்த சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 8 தொட்டால் மூன்று அணிகளும் ஊர் ஓரத்தில் இறங்கும்.

யார் முதலில் நகர்வது? அணிக்கு (கவிழ்ந்த அட்டைக்கும்) ஒரு சீட்டு, கூடவே ஒரு ஜோக்கர். கலைத்து ஒவ்வொன்றாக எடுங்கள். ஜோக்கர் வந்தால் சுற்று முடிந்தது. சீட்டு வராத அணிக்கு அந்தச் சுற்றில் நகர்வு இல்லை. மாறிமாறி ஆடும் முறையில் ராத்திரிச் சண்டைக்கு வேண்டிய இந்தக் குழப்பம் வராது, அதனால் அந்த முறை எனக்குப் பிடிக்கவும் இல்லை. நகர்வு 6 அங்குலம், மேட்டில் ஏறினால் 4.

5. சுடுவது

95ஆம் பிரிவின் பேக்கர் ரைஃபிள் பகலில் பிரெஞ்சுக்காரர்களின் மஸ்கெட்டைவிட (குழலுக்குள் வரியில்லாத துப்பாக்கி) வெகுதூரம் குறி தப்பாமல் அடிக்கும். குழலுக்குள் வெட்டிய வரிகள் குண்டைச் சுழலவிடுவதால் அந்தக் குறி. அந்த வரிகளோடு இறுக்கமாகக் குண்டை இடிக்க வேண்டியிருப்பதால் நிரப்ப நேரமும் கூடுதல். இருட்டில் தூரம் பயன்படாது, தாமதம் மட்டும் மிச்சம். ஆக: பொம்மைக்கு ஒரு பகடை, 5, 6 விழுந்தால் அடி. பாறை மறைவில் இருப்பவர் 4க்கு மேல் உருட்டினால் தப்பிப்பார். மஸ்கெட் சுற்றுக்கு ஒருமுறை. ரைஃபிள் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று.

கைகலப்பில் இரண்டு பக்கமும் பொம்மைக்கு ஒரு பகடை. 6க்கு ஓர் ஆள் விழுவார். மேட்டில் நிற்பவருக்கு 5ம் சேர்த்தி. அதிகம் இழந்த பக்கம் 6 அங்குலம் பின்வாங்கும்.

பன்னிரண்டு சுற்று. ஊர் ஓரத்தை இரண்டு பிரெஞ்சு அணிகள் தொட்டால் ஃபெரேக்கு வெற்றி.

பின்சேர்க்கை: ரைஃபிள்காரர்கள் தோற்றுக்கொண்டே இருப்பதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நியாயம்தான். 95ஆம் பிரிவினர் அவசரத்துக்கு, குண்டு சற்றுத் தளர்வாக இறங்கும் தோட்டாக்களும் வைத்திருந்தார்கள். அதனால் இந்தத் திருத்தம்: விருப்பப்பட்டால் ரைஃபிளும் ஒவ்வொரு சுற்றும் சுடலாம், அப்படிச் சுட்டால் 6 விழுந்தால் மட்டுமே அடி.

இன்னொன்று: தனியாக ஆடுகிறவர்கள் பிரிட்டிஷ் பக்கத்தை எடுத்துக்கொண்டு ஒன்பது அட்டைகளையும் தாங்களே பார்க்காமல் கலைத்து வையுங்கள். சீட்டு வரும்போதெல்லாம் அட்டை பாதை வழியே நேராக மேலே ஏறட்டும். உங்கள் ஆள் கண்ணில் பட்டால் அவர்மேல் பாயட்டும். பாலத்தின் மேல் ஒரு நேரத்தில் ஓர் அட்டைதான்.