அடை வச்ச முட்டைக்கு டார்ச் அடிச்சு பாக்குறது எப்படி

இன்குபேட்டர்ல, அதாவது சூடு குடுத்து குஞ்சு பொரிக்க வைக்கற பெட்டில, முட்டைய அடுக்கிட்டு 21 நாள் சும்மா உக்காந்திருக்க யாராலயும் முடியாது, மூணாம் நாளே மூடிய திறக்க கை பரபரக்கும். நாட்டுக்கோழி முட்டை ஓடு வெளுப்பா இருக்கறதால நாலு நாள்லயே உள்ள ஏதோ தெரியும்தான், ஆனா பழகாத கண்ணுக்கு அது புரியாது, ஒண்ணுமில்லன்னு நல்ல முட்டைய தூக்கி போட்ருவீங்க. அதனால ஏழாம் நாள், பதினாலாம் நாள், பதினெட்டாம் நாள், உள்ள கரு வளருதான்னு மூணு தடவை டார்ச் அடிச்சு பாத்தா போதும்.

முட்டை வைக்கும்போதே பென்சில்ல நம்பர் போட்டு வச்சிருங்க, மார்க்கர் வேணாம், ஓட்டுல இருக்க நுண்ணிய துளை வழியா மை உள்ள எறங்கும். டார்ச் எல்ஈடி டார்ச்சா இருந்தா நல்லது, சூடு கம்மி. வாய் அகலமா இருந்தா கருப்பு சார்ட் பேப்பர சுருட்டி முட்டைய விட சின்ன ஓட்டையா பண்ணிக்கோங்க, வெளிச்சம் பக்கவாட்டுல கசியக் கூடாது. அது இல்லன்னா அட்டையில ஒரு ரூபா காசு அளவுக்கு ஓட்டை போட்டு மொபைல் ஃப்ளாஷ் மேல வச்சாலும் வேலை நடக்கும். ரூம் நல்லா இருட்டா இருக்கணும். கரண்ட் போனா இருட்டு ஃப்ரீயா கெடைக்குதேன்னு அப்ப திறந்துடாதீங்க, பெட்டிக்குள்ள மிச்சம் இருக்க சூடுதான் அந்த நேரத்துல முட்டைய காப்பாத்திட்டு இருக்கும்.

கைய சோப்பு போட்டு கழுவிட்டு அஞ்சு அஞ்சு முட்டையா எடுங்க, எடுத்ததும் மூடிய மூடிருங்க. அகலமான பக்கத்த டார்ச் மேல வச்சு லேசா சாய்ச்சு மெதுவா சுத்துங்க, ஒரு முட்டைக்கு பத்து செகண்ட் போதும். ஆறிப்போயிருமோன்னு பதற வேணாம், அடைக்கோழியே தினமும் தீனி தண்ணிக்கு கால் மணி நேரம் எந்திரிச்சு போயிட்டுதான் வருது.

ஏழாம் நாள் நல்ல முட்டைல நடுவுல ஒரு கருப்பு புள்ளி, அதுலருந்து செவப்பா நரம்பு நரம்பா கிளை பிரிஞ்சு சிலந்தி கால் பரப்புன மாதிரி தெரியும், அசையாம புடிச்சா புள்ளி துள்றதையும் பாக்கலாம். வெறும் மஞ்சளா பளிச்சுன்னு இருந்தா அது கூமுட்டை, சேவல் சேரல, இல்ல முட்டை ரொம்ப நாள் கெடந்திருக்கும். நரம்பு எதுவும் இல்லாம செவப்பா ஒரு வளையம் மட்டும் தெரிஞ்சா கரு உருவாகி செத்துப் போச்சு, எடுத்துருங்க. இந்த மூணுலயும் சேராம கலங்கலா ஒண்ணு ரெண்டு இருக்கும் பாருங்க, அங்கதான் எல்லாரும் தப்பு பண்றோம். என் முதல் பேட்ச்ல ஒம்பதாம் நாள் அப்படி ஒரு சந்தேக முட்டைய செத்ததுன்னு நெனச்சு உடைச்சுட்டேன், உள்ள இதயம் துடிச்சுட்டு இருந்துச்சு. அன்னைலருந்து சந்தேகம்னா ஒரு கேள்விக்குறி போட்டு திரும்ப உள்ள வச்சுருவேன், மூணு நாள் கழிச்சு பாத்தா அதுவே பதில் சொல்லிரும். நாத்தம் வந்தாலோ ஓட்டுல ஈரம் கசிஞ்சாலோ மட்டும் காத்திருக்காதீங்க, கெட்ட முட்டை உள்ள கேஸ் சேந்து வெடிச்சா மத்த முட்டைலயும் கிருமி பரவிரும்.

ஒவ்வொரு தடவையும் அகலமான பக்கம் இருக்க காத்துப் பையோட விளிம்ப பென்சில்ல கோடு போடுங்க. நாளாக ஆக அது பெருசாகணும். ஆகலன்னா பெட்டில ஈரம் ஜாஸ்தி, தண்ணி கிண்ணத்த சின்னதாக்குங்க, ரொம்ப வேகமா பெருகுதுன்னா தண்ணி சேருங்க. கிச்சன் தராசு இருந்தா இன்னும் துல்லியம், 45 கிராம் முட்டை பதினெட்டாம் நாள்ல 40 கிராம் பக்கம் வந்திருக்கணும். மொத பதினெட்டு நாளும் ஈரப்பதம் 50-55 சதவீதம்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா ஐப்பசி மழைல சென்னைல வைக்கிறவருக்கும் சித்திரை வெயில்ல ஈரோட்டுல வைக்கிறவருக்கும் ஒரே அளவு தண்ணி சரிப்படாது, கோட்ட பாத்து முடிவு பண்ணுங்க.

பதினாலாம் நாள் முக்கால்வாசி இருட்டாயிருக்கும், உள்ள அசைவு தெரியும். நரம்பெல்லாம் மறைஞ்சு சாய்ச்சா தண்ணி மாதிரி ஆடுச்சுன்னா அது போச்சு. பதினெட்டுல காத்துப் பை தவிர மொத்தமும் கருப்பு, பையோட விளிம்பு கோணலா சரிஞ்சிருக்கும். அன்னையோட முட்டைய திருப்புறத நிறுத்திட்டு ஈரப்பதத்த 65-70க்கு ஏத்தி மூடிருங்க.

சிலர் வெதுவெதுப்பான தண்ணில முட்டைய மிதக்க விட்டு ஆடுதான்னு பாப்பாங்க, நான் பண்றதில்ல, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தா குஞ்சு மூழ்கிரும். மூக்கால ஓட்டை போட்ட பிறகும் குஞ்சு வெளிய வர 12லருந்து 24 மணி நேரம் ஆகும், பாவம்னு ஓட்ட உரிக்காதீங்க, ஜவ்வுல ரத்தம் இன்னும் ஓடிட்டு இருக்கும், ரத்தம் கொட்டியே செத்துரும். பொரிஞ்ச குஞ்ச உடனே எடுக்கவும் திறக்க வேணாம், வயித்துல போன மஞ்சக்கரு ரெண்டு நாள் தாங்கும்.

23ம் நாள் முடிஞ்சும் பொரியாதத ஒரு தடவை டார்ச் அடிச்சு காதுல வச்சு பாருங்க, அசைவும் இல்ல சத்தமும் இல்லன்னா தோட்டத்துல ஆழமா குழி தோண்டி புதைச்சிருங்க, மேலாப்புல போட்டா ராத்திரியே நாய் தோண்டி வாசலுக்கு இழுத்துட்டு வரும்.